வெள்ளீயத்தின் இரண்டாம் அடுக்கு

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது ஒரு பெரிய உருக்குக் கலத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். முகம் தெரியவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஆரது, புதுசா வந்த பிள்ளையோ? அந்த மேசையில ஒரு டோர்ச் கிடக்கு. எடுத்துத் தாரும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கண்டியில் பிறந்து வளர்ந்தவள். என் அம்மா புசல்லாவைக்காரர், அப்பா நகரசபையில் கிளார்க்காக இருந்தவர். ‘தாரும்’, ‘வாரும்’ என்று எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை; கோயில் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர்தான் அப்படிப் பேசுவார். அவர் ஊரான யாழ்ப்பாணத்தில் பழகியவர்களைக்கூட இப்படி மரியாதையோடுதான் அழைப்பார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. கடைசிவரை அவர் எனக்கு அக்கா, நான் அவருக்கு ‘நீர்’.

பேராதனையில், பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது எங்கள் ஆய்வுகூடம். மகாவலி பக்கத்திலேயே ஓடுவதால் மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரமாகிவிடும். அந்தக் கலம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்தது. அவர்கள் புதிதாக ஒன்று வாங்கியதும், பழையதைக் கழற்றி மரப்பெட்டிகளில் அடைத்து எங்கள் பேராசிரியருக்கு அனுப்பிவைத்தார்கள். அதை மறுபடி பூட்டி இயங்கச் செய்வதுதான் அக்காவின் வேலை. அவருக்கு உதவியாக, பட்ட மேற்படிப்புக்கு நான் சேர்ந்தேன்.

என்ன ஆராய்ச்சி என்று எங்கள் தெருவில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான். ஒரு செப்புப் படிகம், நாங்கள் பளிங்கு என்போம், சட்டைப் பொத்தான் அளவு. அதன் மேற்பரப்பில் அணுக்கள், பெட்டியில் நெருக்கி அடுக்கிய தோடம்பழங்கள் போல ஒழுங்காக இருக்கும். அதன் மேல் வெள்ளீயத்தை ஆவியாக்கிப் படியவிட்டால் ஓர் அணுத் தடிப்பில் ஒரு படலம் உண்டாகும். அந்தப் படலத்தில் வெள்ளீய அணுக்கள் எப்படி உட்காருகின்றன? கீழே இருக்கும் செப்பின் ஒழுங்குக்குப் பணிந்தா, தங்கள் இஷ்டத்துக்கா? ஓரடுக்குப் படலத்தைப் பற்றிப் பலர் எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் இன்னோர் அடுக்குப் போட்டு மெல்லச் சூடாக்கினால் என்ன ஆகும் என்பது யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அதைத்தான் நாங்கள் பார்க்க நினைத்தோம்.

பார்ப்பதென்றால் கண்ணால் அல்ல. வேகம் குறைந்த இலத்திரன்களை, அதாவது எலக்ட்ரான்களை, பளிங்கின் மேல் எய்ய வேண்டும். அவை திரும்பிவந்து ஒரு திரையில் பட்டுப் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும். அந்தப் புள்ளிகளின் ஒழுங்கிலிருந்து அணுக்களின் ஒழுங்கைக் கணக்கிடலாம். ஆனால் கலத்துக்குள் கொஞ்சம் காற்று இருந்தாலும் போதும், படலம் அழுக்காகிவிடும். ஆகவே கலத்துக்குள் வெற்றிடம் வேண்டும். சும்மா வெற்றிடம் அல்ல, விண்வெளியில் இருப்பது போன்ற வெற்றிடம்.

எங்கள் கலமோ ஒழுகியது.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே எங்கள் முதல் வருடத்தின் பெரும்பகுதி போனது. ஊசிக்குழலில் எடுத்த ஸ்பிரிட்டை ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு விடுவோம். ஒழுகும் இடத்தில் பட்டால் அமுக்கமானி துள்ளும். அக்கா சொட்டு விடுவார், நான் மானியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். “இப்ப?” என்பார். “இல்லக்கா.” “இப்ப?” “இல்லக்கா.” இப்படியே மத்தியானம் ஆகிவிடும். ஜன்னலுக்கு வெளியே குரங்குகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்க்கும்.

ஒழுக்கு அடைபட்ட பின் கலத்தைச் சுட வேண்டும். உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் வேறு எப்படியும் போகாது. சூடாக்கும் நாடாக்களைக் கலத்தைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் அலுமினியத் தாளைப் போர்த்தி, சில நாட்கள் கரண்ட் நிற்காமல் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். தாள் வாங்க இரண்டு பேரும் கண்டி நகருக்குப் போவோம். பேக்கரிச் சாமான் விற்கும் ஒரு கடையில்தான் அகலமான தாள் கிடைக்கும். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“என்ன மகள், ஊட்டுல கலியாணமா? வரக்குள்ள எல்லாம் இந்தத் தாளையே வாங்குறீங்க.”

“கலியாணம் இல்ல நானா. ஒரு சட்டியச் சுத்தோணும்” என்றார் அக்கா.

“எவ்வளவு பெரிய சட்டி?”

அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“அல்லாவே! எத்தன பேருக்குச் சமைக்கிற?”

“ஒருத்தருக்கும் இல்ல நானா. வெறுஞ்சட்டியத்தான் அவிக்கிறம்.”

அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் அதற்குப் பிறகு தாள் வந்தால் எங்களுக்கென்று எடுத்து வைப்பார்.

இதற்கிடையில் அக்கா எங்கள் வீட்டு மேல் அறைக்கு வாடகைக்கு வந்துவிட்டார். பேராதனைப் பக்கம் அவர் இருந்த அறையில் மழைத் தண்ணீர் உள்ளே வந்தது. நான் அம்மாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு த்ரீவீலில் அவருடைய அலுமாரிச் சாமானெல்லாம் வந்து இறங்கிவிட்டது. அம்மாவுக்கு அவரை உடனே பிடித்துப் போயிற்று. சாப்பிட்டுவிட்டுத் தன் சோற்றுக் கோப்பையைத் தானே கழுவி வைப்பாராம், அதுதான் காரணம்.

“நீங்க ரெண்டு பேரும் அங்க என்னாதான் செய்றீங்க புள்ள?” என்று அம்மா ஒருநாள் அவரைக் கேட்டார். “இவகிட்ட கேட்டா அணுங்குறா, படலங்குறா. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

“அம்மா, நீங்கள் தோசைக்கல்லில மா ஊத்துறீங்கள் எல்லே? கல்லு எப்பிடியோ தோசையும் அப்பிடி. கல்லில மேடு பள்ளம் இருந்தா தோசையிலயும் தெரியும். அதுக்கு மேல இன்னொரு தோசை ஊத்தினா, அது கல்லைக் கேக்குமோ, கீழ இருக்கிற தோசையைக் கேக்குமோ? அதுதான் எங்கட கேள்வி.”

“ரெண்டு தோசைய ஒண்ணா ஊத்துனா மாவுதான் வீணாப்போகும்” என்றார் அம்மா.

சுத்தமான செப்பின் புள்ளிகள் திரையில் வந்த நாளில் எங்கள் பேராசிரியர் கீழே ஓடி வந்தார். அவர் சிங்களப் பெண்மணி; நாங்கள் மேடம் என்போம். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார், ஆனால் அன்றைக்கு வாய்க்கு வந்தது சிங்களம்தான். திரையில் ஆறு புள்ளிகள், அறுகோணத்தின் ஆறு மூலைகள் போல. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்துவிட்டு மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். புத்தகத்தில் எத்தனையோ தடவை பார்த்த படம்தான். என்றாலும், நம் கையால் பூட்டிய கலத்துக்குள் இருந்து அது வரும்போது வேறு.

பிறகு வெள்ளீயம். முதல் அடுக்கு, எல்லோரும் எழுதியிருந்தது போலவே வந்தது. இரண்டாம் அடுக்கைப் போட்டு, பளிங்கை மெல்லச் சூடாக்கி ஆறவிட்ட ஒரு மத்தியானம், அக்கா திரைக்கு முன்னால் இருந்தார். நான் மின்னழுத்தக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

“நில்லும். திருப்பாதையும்” என்றார்.

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பெரிய புள்ளியையும் சுற்றி மங்கலான சின்னப் புள்ளிகள் பிறந்திருந்தன. எந்தக் கட்டுரையிலும் நாங்கள் பார்க்காத ஒழுங்கு அது. நான் போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். இன்னொரு தடவை எடுப்பதற்குள் புள்ளிகள் மங்கத் தொடங்கிவிட்டன. அன்றைக்கு வெற்றிடம் அவ்வளவு நன்றாக இருக்கவில்லை.

“சோடி சோடியாத்தான் நிக்குதுகள் போல” என்றார் அக்கா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “மேல் அடுக்கில இருக்கிறதுகள் ரெண்டு ரெண்டாச் சேர்ந்து வரிசை கட்டியிருக்கு. எனக்கு அப்பிடித்தான் படுது.”

பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, உடனே ஒரு சிறு கட்டுரையாக எழுதி அனுப்பலாம் என்றார். படத்தை வைத்து ‘இப்படியோர் ஒழுங்கு தோன்றுகிறது’ என்று மட்டும் சொல்வோம், விளக்கம் பின்னால் வரட்டும் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்காதான் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நான் விடவில்லை.

“அக்கா, மேடம் சொல்ற மாதிரி அனுப்பிருவோம். முழுசா அப்புறம் எழுதலாம்ல?”

“ஒருக்காத்தானே கண்டிருக்கிறம். வெள்ளீயம்தான் இப்பிடிச் செய்ததோ, கலத்துக்குள்ள கிடந்த ஏதும் அழுக்குச் செய்ததோ, உமக்குத் தெரியுமே?”

“அழுக்கா இருந்தா இவ்வளவு ஒழுங்கா வருமா?”

“வரும். கந்தகம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலே வடிவான புள்ளி வரும். அழுக்குக்கும் ஒழுங்கு இருக்கு. எனக்கு அதுதான் பயம்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “படம் மட்டும் காணாது. அணுக்கள் எவ்வளவுக்கு ஒருக்காத் திரும்பத் திரும்ப வருதெண்டுதான் அது சொல்லும். எந்த அணு எங்க இருக்கெண்டு சொல்லாது. ஒவ்வொரு புள்ளியின்ர வெளிச்சத்தையும் அளந்து, கணக்குப் போட்டுத்தான் அதைச் சொல்லலாம். இன்னும் ரெண்டு தரம் செய்து பாப்பம். ஒரு மாசம் போதும்.”

அவர் சொன்னது சரி. இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஒரு தடவை பார்த்ததை நம்பி அனுப்பக்கூடாது. ஒரு மாதம் பெரிய காலமும் இல்லை. சாதாரண காலமாக இருந்திருந்தால்.

நாட்டில் டொலர் இல்லை என்ற பேச்சு அப்போதுதான் கடைத்தெருவுக்கு வந்திருந்தது. முதலில் பால்மா கிடைக்காமல் போனது, பிறகு கேஸ். அம்மா பின்பக்கம் மூன்று கல்லை வைத்து விறகடுப்பு மூட்டினார். அதன் பிறகு மின்வெட்டு. தொடக்கத்தில் கொஞ்ச நேரம்தான். பிறகு அட்டவணை போட்டார்கள், அட்டவணை நாளுக்கு நாள் நீண்டது.

வீடுகளில் கரண்ட் போனால் மெழுகுதிரியைக் கொளுத்தலாம். எங்கள் கலத்துக்குக் கரண்ட் போனால் காற்றை உறிஞ்சும் பம்பி நின்றுவிடும். பம்பி நின்றால் அதிலுள்ள எண்ணெயின் ஆவி பின்னோக்கி ஏறிக் கலத்துக்குள் போகும். பிறகு மறுபடி சுட வேண்டும். சுடுவதற்கோ விடாமல் நாட்கணக்கில் கரண்ட் வேண்டும். முதல் தடவை அப்படி ஆனபோது அக்கா பதறவில்லை. “சரி, முதல்ல இருந்து” என்று தாளைப் பிரித்தார். இரண்டாம் தடவையும் பிரித்தார். அதற்குப் பிறகு கடையில் அலுமினியத் தாளே இல்லாமல் போயிற்று. நானா கையை விரித்தார். பழைய தாளையே நீவி நீவிச் சுற்றினோம்.

பல்கலைக்கழக ஜெனரேட்டருக்குக் கொஞ்சம் டீசல் கிடைத்தது. அது சுகாதார நிலையத்துக்கும், மருந்தும் மாதிரிகளும் வைத்திருக்கும் குளிரூட்டிகளுக்கும் போனது. அதில் யாரைக் குறை சொல்வது? ஒரு பொத்தான் அளவு செப்புத் துண்டின் மேல் அணுக்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதற்கு டீசல் கேட்க எங்களுக்கே வெட்கமாக இருந்தது. பேராசிரியர் கேட்டுப் பார்த்தார். வெறுங்கையோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

ஒருநாள் காலை, கலம் நன்றாகச் சூடேறி, அமுக்கம் நாங்கள் விரும்பிய அளவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் கிடைத்தால் போதும் என்ற நிலை. அட்டவணைப்படி எங்கள் பக்கத்துக்கு அன்று வெட்டு இல்லை. ஆனால் கரண்ட் போய்விட்டது. பம்பியின் சத்தம் மெல்ல மெல்லத் தணிந்து அறை முழுக்க அமைதியாயிற்று. அந்தச் சத்தம் இல்லாமல் அந்த அறையை நான் கேட்டதே இல்லை. அக்கா தாளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“சூடு இறங்குது” என்றார். பிறகு, “நீர் வீட்டுக்குப் போம். அம்மா தனிய விறகோட மல்லுக்கட்டுவா. நான் பிறகு வாறன்.”

நான் போனேன். அவர் வந்தபோது இருட்டியிருந்தது. பஸ் இல்லை, கண்டி வரை நடந்தே வந்திருந்தார். அம்மா கோப்பையில் சோற்றைப் போட்டு வைத்தார். அக்கா சாப்பிட்டார், கோப்பையைக் கழுவினார், மேலே போனார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் வழக்கம்போலக் காலையில் எழுந்து வந்தார்.

அந்த மாதங்களில்தான் அவர் வெளிநாட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஊரில் தாய் தனியாக இருந்தார், தம்பிக்கு வேலை போய்விட்டது. அவரால் இனியும் காத்திருக்க முடியாது. ஐரோப்பாவில், இதே பளிங்கு மேற்பரப்பு ஆராய்ச்சிக்குப் பெயர்போன ஓர் இடம் அவரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. எங்கள் வீட்டு மேல்மாடியில், என் போனில் பேசினார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். என்ன வெளியிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். இதுவரை ஒன்றும் இல்லை, ஒரு படம் இருக்கிறது, உறுதிசெய்ய முடியவில்லை என்றார். படத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். அழகாக இருக்கிறது என்று சொன்னார்கள். இடம் வேறொருவருக்குப் போனது.

பிறகு கனடாவில், மின்கலங்களுக்கான பொருட்களை ஆராயும் ஓர் இடம் அவரை எடுத்துக்கொண்டது. அது வேறு வேலை; பொடியை அரைத்து, குழைத்து, பூசி, எத்தனை தடவை மின்னேற்றலாம் என்று பார்ப்பது.

கனடா போகுமுன் ஊருக்குப் போனார். யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நானும் அம்மாவும் கண்டி பஸ் நிலையம் வரை போனோம். அம்மா வாழையிலையில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்.

“போயி மறந்துறாத புள்ள” என்றார்.

“மறப்பனே அம்மா?” என்றவர், என் பக்கம் திரும்பினார். “கலத்தை ஒருக்காலும் திறந்து போடாதையும். காத்துப் பட்டுதெண்டா எல்லாம் முதல்ல இருந்து.”

“சரிக்கா. நீங்க போயிட்டு வாங்க.”

“வாறன்” என்றார்.

கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியபோது பம்பியின் உருளைத் தாங்கி தேய்ந்து போயிருந்தது. புதியது வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். ரூபாய் விழுந்த வேகத்தில் அந்தப் பணத்துக்கு அதை அடைத்து வரும் பெட்டிகூட வராது. இறக்குமதிக்கும் தடை. நான் நெடுநாள் காத்திருந்தேன். கடைசியில் பேராசிரியரே கலத்தைத் திறக்கச் சொன்னார். நட்டுகளைக் கழற்றியபோது காற்று உள்ளே போகும் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்டது. பளிங்கை எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பேராசிரியரிடம் கொடுத்தேன். மற்றவர்கள் ஏற்கெனவே வெளியிட்ட அளவீடுகளை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு சின்னப் பட்டத்தோடு வெளியே வந்தேன்.

இப்போது பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தண்ணீர்க் குழாய்களுக்கு நிக்கல் முலாம் பூசுகிறார்கள். முலாம் போதிய தடிப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. நல்ல வேலைதான். சம்பளம் நேரத்துக்கு வருகிறது. கீழே பித்தளை, மேலே நிக்கல். அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

போன வருடம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேராசிரியரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு கட்டுரை, அதோடு ‘பார்’ என்று ஒரு சொல். கன்டீனில் உட்கார்ந்து திறந்தேன். முதல் பக்கத்திலேயே படம். பெரிய புள்ளிகள், அவற்றைச் சுற்றி மங்கலான சின்னப் புள்ளிகள். எங்களுடையதைவிடத் தெளிவாக இருந்தது, மற்றபடி அதேதான். செப்பு, வெள்ளீயம், இரண்டாம் அடுக்கு. எழுதியவர்களின் பெயர் ஒன்றும் எனக்குப் பழக்கமில்லை. அவர்கள் எங்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு நாங்கள் எதையும் வெளியே வைக்கவும் இல்லை.

சோற்றுப் பொதியை மூடி வைத்தேன். அக்காவுக்கு அங்கே இன்னும் விடிந்திருக்காது என்று தெரிந்தும் அழைத்தேன். மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

“என்ன, அம்மா சுகமே?”

“நல்லா இருக்காங்கக்கா. இது வேற விஷயம்.” சொன்னேன்.

“எந்த அணு எங்க இருக்காம்?” என்று கேட்டார். “வாசியும்.”

வாசித்தேன். பக்கத்து மேசையில் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒரு காதைப் பொத்திக்கொண்டு வாசித்தேன். மேல் அடுக்கு வெள்ளீய அணுக்கள் இரண்டிரண்டாக நெருங்கி வரிசை கட்டியிருந்தன. அவற்றின் கீழே செப்பு சற்றே விலகிக் கொடுத்திருந்தது.

“சோடி சோடியாத்தான்” என்றார். “அப்ப நாங்கள் கண்டது உண்மைதான் என்ன? அழுக்கில்லை.”

அவர் குரலில் இருந்தது மகிழ்ச்சி. பொய்யான மகிழ்ச்சி அல்ல. அவரை எனக்குத் தெரியும்.

“அன்னைக்கே அனுப்பியிருந்தா உங்களுக்கு அந்த இடம் கிடைச்சிருக்கும்க்கா.”

“கிடைச்சிருக்கும். ஆனா அண்டைக்கு எங்களுக்கு இது தெரியாது எல்லே. தெரியாததைத் தெரியும் எண்டு எப்பிடி எழுதுறது?”

“படத்தை மட்டும் அனுப்பியிருக்கலாம்.”

“ஓம். அனுப்பியிருக்கலாம்தான்.” அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “இஞ்ச நாங்கள் பூசுற பூச்சு ஒரு லட்சம் அணுத் தடிப்பு வரும். அடியில என்ன இருக்கெண்டு ஒருத்தருக்கும் கவலை இல்லை. சில நேரம் அந்தப் பச்சைத் திரையை நினைப்பன்.” பிறகு பெருமூச்சு விட்டார். “கட்டுரையை எனக்கு அனுப்பிவிடும். வேலைக்குப் போக முந்திப் படிச்சிட்டுப் போறன்.”

அனுப்பினேன். மணி அடித்தது, நானும் வேலைக்குத் திரும்பினேன். அன்று மத்தியானம் என் கைக்கு வந்த குழாய்கள் எல்லாம் சரியான தடிப்பில் இருந்தன. ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

கண்டி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி அந்த ஒரு மாதத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். யாராவது ஒருவர் தவறு செய்திருந்தால் அவர் மேல் கோபப்படலாம். அக்கா தவறு செய்யவில்லை, பேராசிரியர் செய்யவில்லை, டீசலைக் குளிரூட்டிகளுக்குக் கொடுத்தவர்களும் செய்யவில்லை. எல்லோரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள், எல்லாம் கைவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன், அக்காவோடு பேசினேன் என்று.

“அவ என்னா சொன்னா?”

“நாங்க பார்த்தது சரிதானாம். சந்தோஷப்பட்டாங்க.”

“அப்ப நல்ல விஷயந்தானே. நீ ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?”

பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.